படுத்தால் போய்விடும் வலி

இரண்டு வருடத்துக்கு முன்னால், பினாங்கு ஜார்ஜ்டவுனில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் நடந்தது இது.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என் அடிவயிற்றில் ஒரு வலி வந்து குடியேறிவிட்டது. ஈரத்துணி மூட்டையை உள்ளே கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரு கனம். எனக்குத் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. மத்தியானம் தாண்டினால் கனம் ஏறும். டத்தோ கிராமாட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்து தரையில் படுத்தால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். மேலே காற்றாடி சுற்றும், ஜன்னல் வழியே மழை வாசம் வரும், நான் பாட்டுக்கு எங்கேயோ மிதந்துகொண்டிருப்பேன்.

சின்ன வயதிலிருந்தே நான் பகல் கனவு காண்கிற ஆள். அதனால் வலி என்று சொன்னாலும் வீட்டில் எடுபடவில்லை. என் கணவரின் அக்கா எங்களோடுதான் இருக்கிறார். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி தினமும் கடல் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் போய், மாக் மண்டின் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை பார்க்கிறவர்; மூன்று பிள்ளை பெற்றவர்; லீவு என்றாலே பிடிக்காதவர்.

"படுத்தா போயிடுற வலிக்கு பேரு வலி இல்லலா, சோம்பல்," என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்துக்கொண்டு சொல்கிறவரிடம் கோபப்படவும் முடியாது. மனசுக்குள் அழுதுகொள்வேன்.

டாக்டர்களும் என்னைப் படுக்க வைத்துத்தான் ஸ்கேன் செய்தார்கள். எல்லாம் நார்மல் என்றே வந்தது. கேஸ்டிரிக் என்றார் ஒருவர். இன்னொருவர், பிள்ளைகள்தான் பிறந்துவிட்டார்களே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். அரை மனதாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். அதை எடுத்த பிறகும் வலி இருந்தால்? அப்புறம் என்னை யார்தான் நம்புவார்கள்?

எதற்கும் இன்னொரு இடத்தில் காட்டிவிடலாம் என்று போனதுதான் அந்த ஸ்கேன் அறை. அங்கே இருந்த தமிழ்ப் பெண் டாக்டர் என் வயிற்றில் ஜெல்லைத் தடவியபடி, எப்போது வலிக்கும் என்று கேட்டார். நின்றால் வலிக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ எழுந்து நில்லுங்க அக்கா. நிக்கிறப்ப வர்ற வலிய நிக்க வச்சித்தான் பாக்கணும்."

ஜெல் வழிய, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருட்டறையில் திரை மட்டும்தான் வெளிச்சம். மூச்சை அடக்கி முக்கச் சொன்னார். ஒன்றுமே இல்லாத சாம்பல் நிறத்தில் கறுப்புக் கறுப்பாக ஏதோ விரிந்தது. பிறகு அதில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் சிவப்பும் நீலமும் சுழன்றன. மழை பெய்ததும் கால்வாய் நிரம்புமே, அப்படி. எனக்குள்ளே இவ்வளவு ஓடிக்கொண்டிருந்ததா என்று சொக்கிப்போய்ப் பார்த்தேன். என் வலி நிஜம்தான் என்று தெரிந்த சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதுபோல, பிள்ளை பெற்றவர்களுக்கு இடுப்புக்குள்ளும் இரத்தக்குழாய்கள் வீங்கலாமாம். நின்றால் இரத்தம் தேங்கும்; படுத்தால் வடியும். முதலில் மாத்திரையும் ஹார்மோன் மருந்தும் கொடுத்துப் பார்க்கலாம், கேட்காவிட்டால் மெல்லிய குழாய் விட்டு, கெட்டுப்போன இரத்தக்குழாயை அடைக்கலாம், கர்ப்பப்பையை எடுப்பதெல்லாம் கடைசிப் பேச்சு என்றார் டாக்டர்.

மாத்திரை எனக்குச் சரிப்படவில்லை. சில மாதம் கழித்து, அடைத்துவிடுங்கள் என்று ஒப்புக்கொண்டேன். அரைத்தூக்கத்துக்கு ஊசி போட்டார்கள். கழுத்தோரம் சின்னதாக ஒரு துளை, அதன் வழியாகவே இடுப்பு வரைக்கும் குழாயை இறக்கினார்கள், அவ்வளவுதான். ஃபெரியில் சாய்ந்து உட்கார்ந்து பட்டர்வொர்த் போவதுபோல மெதுவாக ஆடிக்கொண்டிருந்தேன். தூரத்துத் திரையில் கொடிபோல வளைந்த என் இரத்தக்குழாய்க்குள், அதை அடைக்கும் குட்டிக் கம்பிச்சுருள்கள் இறங்கிக்கொண்டிருந்தன. சில நாள் வயிறு நொந்தது. பிறகு வாரம் போகப் போகக் கனம் குறைந்தது. முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நிற்க முடிகிறது.

அந்த வருடத் தீபாவளிக்கு அண்ணி முறுக்குப் பிழிய, நான் அடுப்பருகே நின்று சுட்டேன். இன்றைக்காவது அவரைச் சீண்டிப் பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அச்சைக் கீழே வைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். என்ன அண்ணி என்றேன். என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார்.

"அந்த டாக்டரு என்னையும் நிக்க வச்சிப் பாப்பாங்களா?"

கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து அவருக்கும் இதே கனம்தானாம். பெற்றவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாராம். தான் நிற்கும்போது நான் மட்டும் படுத்துக்கொண்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லையாம். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்தும் அதை வலி என்று சொல்லத் தெரியாமல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது; இப்போதெல்லாம் யாராவது என்னைக் குத்திப் பேசினால், முதலில் அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.