அரசருக்காகக் கை தூக்கிய அத்தான்

1996 ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து மேரிலாந்துக்கு வான் ஓட்டிக்கொண்டு போனேன். காரணம் அக்காவின் மகள் நிரோஷி. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலேயர் ஆண்ட கால அமெரிக்காவைப் படித்தவள், அந்தக் காலத்து ஊர் மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்களாம், பார்க்கவேண்டும் என்று நச்சரித்தாள். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. நிரோஷியின் அப்பாவுக்கு, அதாவது எங்கள் அத்தானுக்கு, அமெரிக்க விசா கிடைத்திருந்தது, ஆனால் வாகனம் ஓட்டத் தெரியாது. ஆகவே சாரதி நான்.

ரொறன்ரோவில் நாங்கள் இருந்த டோர்செட் பார்க்கிலிருந்து ஏறத்தாழ எண்ணூறு கிலோமீற்றர். காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு, பஃபலோ எல்லையைத் தாண்டி, மாலை ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க அத்தான் கனடாக் குடியுரிமைச் சத்தியத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கிழமையில் சத்தியப்பிரமாணம். இங்கிலாந்து மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்ற வரியில் மட்டும் நாக்குத் தடக்கும். பென்சில்வேனியா முடிவதற்குள் எனக்கே அது பாடமாகிவிட்டது.

ஆர்வமுள்ள சிலர் சேர்ந்து நடத்துகிற சின்ன இடம்தான், ஆனாலும் வடிவு. மறுநாள் காலையில் கொல்லன் பட்டறை, தொப்பிக் கடை, நீதிமன்றம் எல்லாம் சுற்றினோம். அந்த நாளில் புகையிலைதான் காசாம். பாதிரியாருக்குச் சம்பளமும் புகையிலைதான். அதை இங்கிலாந்துக்குத்தான் அனுப்ப வேண்டும், சாமான்களும் அங்கிருந்துதான் வர வேண்டும். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அடிமைகள். தொப்பி விலை சொன்ன அதே குரலில் வழிகாட்டிப் பெண் ஆள் விலையையும் சொன்னாள்.

பின்னேரம் மதுக்கடை வாசலில் நாடகம். லண்டன் அனுப்பிய ஆளுநர், ஊர்ச்சனம் தெரிவுசெய்த சபையைக் கலைத்துவிட்டார். ஒரு நடிகர் பெட்டிமேல் ஏறி, இனி ஆங்கிலேயச் சாமான் வாங்கமாட்டோம் என்று வாசித்தார். பிறகு, அரசருக்கு ஆதரவானவர்கள் கை தூக்குங்கள் என்றார். அவ்வளவு கூட்டத்தில் ஒரே ஒரு கை. அத்தானுடையது.

"அத்தான், கையை இறக்குங்கோ."

"சும்மா இரும். ராணிக்குச் சத்தியம் பண்ணப்போறன், அவவின்ர பாட்டனுக்கு எதிரா நிக்கலாமோ? ஆரும் படம் எடுத்து இமிக்ரேசனுக்குக் குடுத்தா?"

கூட்டம் சிரித்துக்கொண்டே ஒரு சொல்லைக் கத்தத் தொடங்கியது.

"என்னவாம் பிள்ளை?" என்று அத்தான் கேட்டார்.

நிரோஷிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ பிளே. உங்களைத் துரோகி எண்டு சொல்லீனம்."

அதற்குள் இன்னொரு நடிகர், கயிறு கட்டிய காட்போட் மட்டை ஒன்றை அத்தானின் கழுத்தில் மாட்டிவிட்டார். அதில் எழுதியிருந்ததும் அதே சொல்தான். படம் எடுப்பதற்காம்.

அத்தான் இரண்டு கையையும் கூப்பினார். "ஐயா, நான் ஒண்டும் செய்யேல்லை. பிள்ளை நிக்குது ஐயா." சொன்னது தமிழில். நல்லாய் நடிக்கிறார் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது.

அத்தானின் தமையனை எங்கள் ஊர்ச் சந்தியில், விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட்டுக் கிடக்க, கழுத்தில் இப்படி ஒரு மட்டையோடுதான் கண்டோம். அதை எழுதியவர்களும் இயக்கத்துக்குப் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். பெரியப்பா சண்டையில் செத்தார் என்றுதான் நிரோஷிக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

மட்டையைப் பிடுங்கி எறிந்தேன். அந்த நடிகர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு என்ன தெரியும்? சமாதானப்படுத்த நினைத்து இன்னொன்றும் சொன்னார். அரசர் பக்கம் நின்றவர்கள் வீடு வளவு எல்லாம் இழந்து, நிறையப் பேர் கனடாவுக்குத்தான் ஓடினார்களாம். எங்கள் ஒன்ராறியோவுக்கும் வந்தார்களாம். துரோகிப் பட்டத்தோடு அகதியாக அங்கே முதன்முதல் போனவர்கள் நாங்கள்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

திரும்பும் வழியில் அத்தான் மகளுக்குத் தானே எல்லாவற்றையும் சொன்னார். நிரோஷி ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப, எல்லாரும் ஜஸ்ட் பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?"

இப்படியான இடங்களுக்குப் போகிறவர்களுக்கு: ஆடி வெயில் கொல்லும், தொப்பி கட்டாயம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். கனடாக் கடவுச்சீட்டு இருந்தால் விசா தேவையில்லை. நாடகம் நடந்தால் பின்னால் நில்லுங்கள். ஊரில் ஆட்களை இழந்தவர்கள் கூட வந்தால், என்ன நடக்கப்போகிறது என்று முதலே சொல்லிவையுங்கள்.

இரண்டு கிழமை கழித்து ஸ்காபரோவில் சத்தியப்பிரமாணம் நடந்தது. நீதிபதி வலது கையைத் தூக்கச் சொன்னார். அத்தான் தூக்கவில்லை. மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லாருடைய கையும் மேலே போன பிறகுதான் தன்னுடையதைத் தூக்கினார்.