சூடு விழாத கிடாரி

கறிக்கடையில் ஆட்டுக்காலைத் தீயில் வாட்டினார்கள். மயிர் பொசுங்கும் அந்த வாடை என்னை வேதாரண்யம் பக்கத்து எங்கள் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டது.

வெள்ளைக்காரன் காலத்தில் பண்ணைக்காரர்கள் காட்டில் அவிழ்த்துவிட்ட மாடுகள் அங்கேயே பெருகிக் காட்டுமாடாகியிருந்தன. வருஷத்துக்கு ஒருமுறை பண்ணை ஆட்கள் அவற்றை வளைத்துப் பிடித்துப் பண்ணையின் அடையாளச் சூடு போடுவார்கள். கூலிக்காரர்கள் பிடிக்கக் கூடாது. கூலி நெல்லுக்காகப் பண்ணையோடு சண்டை நடந்த வருஷம், அம்மா பிடித்தாள். குட்டையோரம் சுருக்கு வைத்து, உள்ளங்கை தோலுரிய ஒரு கிடாரியை இழுத்துவந்தாள்.

மறுநாளே பண்ணைக் காரியக்காரர் வந்துவிட்டார். ஆட்கள் கிடாரியைத் தள்ளிக் காலைக் கட்டினார்கள். எங்கள் வாசலிலேயே வறட்டி மூட்டிச் சூட்டுக்கோலைப் பழுக்கவைத்தார்கள்.

"காட்டுமாடு எல்லாம் பண்ணையோடதுன்னு தெரியாதா?"

"இதுமேல உங்க சூடு இல்லீங்களே," என்றாள் அம்மா.

"இப்பப் போட்டுர்றேன்."

அம்மா கிடாரியின் மேல் கவிழ்ந்து படுத்தாள். "என் முதுகுல போடுங்க."

கோல் நெருங்கியது. அவள் கூந்தல் நுனி பொசுங்கியது. அவள் அசையவில்லை. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். காரியக்காரர் கோலை வாய்க்காலில் எறிந்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு அம்மாவுக்குப் பண்ணையில் வேலை இல்லை. நடவுக்கு அடுத்த ஊருக்கு நடந்தாள். கிடாரி கன்று போட்டதும், முதல் சீம்பாலை அந்தப் பெண்களின் வீடுகளுக்குத்தான் என்னிடம் கொடுத்தனுப்பினாள்.