புகைபோக்கிக்கு முதுகைக் காட்டி

“பொதையலா? உன் வாயில மண்ணைப் போட! பொதையல் எடுத்த ஆளு ஒரு நல்ல லுங்கியாவது வாங்கிக் கட்டிக்கினாரா, பாத்தியா நீ?” தண்ணீர் லாரிக்கு வரிசையில் வைத்த குடத்தை நங்கென்று நகர்த்தினாள் குணசுந்தரி.

பக்கத்துக் குடத்துக்காரி பவுனம்மாள் விடவில்லை. “பின்ன இன்னாத்துக்குக்கா சொந்த வூட்டை வுட்டுட்டு உன் வூட்டுக்காரரு மிலிட்டரி கோபுரத்துல குந்திக்கினு கீறாரு? கம்பெனிக்காரன் இடிக்க வர்சொல்ல பட்டா கேக்கத்தான்னு ஊரே பேசுது.”

“ஊருக்கு வேற இன்னா வேலை? பேசட்டும்.”

ஊர் பேசத்தான் செய்யும். அவள் புருஷன் தேசப்பன் செய்கிற காரியங்கள் அப்படி. எண்ணூர்ப் பக்கம் பாழாய்க் கிடக்கும் பழைய விமான மைதானத்தில் காவல் கோபுரம் ஒன்று மிச்சம் நிற்கிறது. அதற்கு வருஷா வருஷம் பொங்கலுக்குத் தன் கையாலேயே சுண்ணாம்பு அடிப்பார். சொந்த வீட்டுச் சுவர் காரை பெயர்ந்து கிடக்கும், அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கோபுரத்துக்கு அவர் வைத்த பெயர் ‘தொரை’. “தொரையைக் குளிப்பாட்டிட்டு வர்றேன்” என்று வாளியும் மட்டையுமாகக் கிளம்பிவிடுவார்.

அந்தத் தொரை வந்த கதை நல்ல கதை இல்லை. யுத்த காலத்தில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சொல்லி, அங்கிருந்த மீனவக் குப்பத்தை வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பினார்கள். சண்டை முடிந்ததும் திரும்பி வரலாம் என்ற பேச்சை நம்பி, தேசப்பனின் தாத்தா வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அடுப்பு எரிந்த மண்ணில் சிமெண்டு கொட்டி விமானம் இறக்கினார்கள். சண்டை முடிந்தது, சிப்பாய்களும் போனார்கள். வா என்று கூப்பிடத்தான் யாரும் வரவில்லை. தளம் விரிசல் விட்டது. அதில் ஆடு மேய்ந்தது, கருவாடு காய்ந்தது. கோபுரம் மட்டும் கடலுக்குப் போகிறவர்களுக்குக் கரை அடையாளமாக நின்றது.

அப்பனும் பிள்ளையுமாகப் போன படகு கவிழ்ந்த அன்றைக்கும் அது நின்றது. படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிய தேசப்பனுக்குக் கரையில் தெரிந்தது அதுதான். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியை மறைத்துக்கொண்டு, நேர்க்கோட்டில் கோபுரம். அவர் கரை சேர்ந்தார். மகன் தீபன் சேரவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை.

படகில் பெண்பிள்ளை ஏறுகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. “என் புள்ள எங்க பூட்டான்னு காட்டு” என்று குணசுந்தரி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். ஓர் அமாவாசையன்று தேசப்பன் அவளைக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றினார். தோளைப் பிடித்து, புகைபோக்கிக்கு முதுகைக் காட்டி நிறுத்தினார். ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக் கையை நீட்டினார். “இப்டியே நேரா பாரு. கண்ணு போற வழியிலதான் கீறான்.” அன்றைக்குத்தான் அவள் சோறு தின்றாள். அப்புறம் எந்த அமாவாசையும் தவறியதில்லை.

இதையெல்லாம் பவுனம்மாளிடம் சொன்னால் வாயை மூடிக்கொள்வாள். தேசப்பன் சொல்ல விடமாட்டார். “நம்ம புள்ளைய தண்ணி லாரிகிட்டல்லாம் இட்டுனு போவாத, வுடு.”

மைதானத்தை எடுத்த கம்பெனி முதலில் கடலோரமாக ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பியது. கோபுரத்து உச்சியிலிருந்து மட்டும் கடல் தெரிந்தது. அடுத்தது கோபுரம் என்றார்கள். அன்றைக்குத்தான் தேசப்பன் பாயோடு அங்கே போய்ப் படுத்தார்.

ஜேசிபி வந்த காலையில், கம்பெனி வாட்ச்மேனாக இருந்த குப்பத்துப் பையன் திருமலை கீழே நின்று கெஞ்சினான். “மாமா, எறங்கி வந்துடு மாமா. நீ வரலன்னா என் வேலை பூடும்.”

மேலிருந்து குரல் வந்தது. “எங்க தாத்தனைத் தொரை கெளப்பினான். இப்ப தொரையையே கெளப்புறீங்களாடா?”

பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கோபுர வாசலைத் தாண்டி வெளியே வந்தார். குணசுந்தரி நின்றிருந்தாள். அன்றைக்கு அமாவாசை. இருவருக்கும் எதிரே மதில்தான் இருந்தது.

தேசப்பன் பாயைக் கீழே வைத்தார். அவள் தோளைப் பிடித்து, புகைபோக்கிக்கு முதுகைக் காட்டித் திருப்பி நிறுத்தினார். பிறகு, அந்த மதிலைப் பார்த்து, கையை நேராக நீட்டினார்.