காட்டைக் கூட்டிய காலை

தீவில், சரவணை என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டில் முற்றம் கூட்டாமல் அடுப்பு மூட்டக் கூடாது. விடிந்த பிறகும் முற்றத்தில் பூவரசஞ் சருகு கிடந்தால், அந்த வீட்டில் பெண்பிள்ளை இல்லையா என்று கேட்பார்கள். ஒன்பது வயதில் எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பேன். ஆனால் கூட்ட வரும். மண்ணில் வரிவரியாகக் கோடு விழும்படி ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டுவேன். அம்மா என்னைப் பற்றி அயலில் சொன்ன ஒரே பெருமை அதுதான்.

அந்த நாட்களில் சின்ன மாமாவும் ஊரில் நாலைந்து பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டுக் காடு இருந்தது. பாலை, வீரை, நாவல், விளா என்று யாரும் நடாமல் வந்த மரங்கள். ஆடு புகாமல் அதற்கு வேலி அடைப்பதும், வெட்டுப்பட்ட இடங்களில் அதே இனக் கன்றுகளை நடுவதும் சங்கத்தின் வேலை. "தோட்டத்துக்கு வேலி அடைக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறம், காட்டுக்கு அடைக்கிற ஆக்களை இப்பதான் காணுறம்" என்று ஊர் சிரித்தது.

மாமா என்னை முதன்முதலில் உள்ளே அழைத்துப்போன நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தீவில் காற்று ஓயாது. வெயில் வெண்கல்லில் பட்டுக் கண் கூசும். வேலி வாசலில் இருந்த படலையைத் தாண்டிப் பத்தடி வைத்ததும் காற்று நின்றுவிட்டது. நிற்கவில்லை, இலைகளுக்கு மேலே கடல்போல் இரைந்து போய்க்கொண்டிருந்தது. கீழே குளிர்ந்த இருட்டு. நடுவில் ஒரு பாலை. நானும் மாமாவும் இரண்டு பக்கமும் நின்று அணைத்தோம், ஒருவர் விரலை ஒருவர் தொட முடியவில்லை. கழுத்து நோகும்வரை அண்ணாந்து பார்த்தேன். என் கைகள் தாமாகவே கும்பிட்டுவிட்டன. மாமா சிரிக்கவில்லை.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கணுக்கால் புதையச் சருகு. இவ்வளவு பெரிய மரத்தின் கீழ் இப்படி ஒரு குப்பையா என்று மனம் பொறுக்கவில்லை.

காடு நின்ற காணி சங்கத்துடையதல்ல. நாட்டின் தெற்கில் கடை வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. சூளைக்காரர் ஒருவர் மரங்களை விறகுக்குக் கேட்டிருந்தார். பொங்கலுக்கு ஊர் வரும்போது நேரில் பார்த்து முடிவு சொல்வதாக முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். மாமா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "அந்தாளுக்குப் பிடிக்காட்டிப் பாலை சுண்ணாம்புச் சூளைக்குப் போயிடும் அக்கா" என்று அவர் அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

முதலாளி வரும் காலை, விடிந்ததும் விளக்குமாற்றோடு காட்டுக்குப் போனேன். படலையிலிருந்து பாலையடி வரை கூட்டினேன். புல் பூண்டெல்லாம் பிடுங்கினேன். பிடுங்கியதையும் சருகையும் கடகம் கடகமாகச் சுமந்து வேலிக்கு வெளியே குவித்தேன். வெயில் ஏறியபோது பாலையைச் சுற்றி வெறும் மண், வரிவரியாகக் கோடு.

மாமா வந்து படலையடியில் நின்றார். பிறகு மெல்ல நடந்துவந்து பாலையின் கீழ் குந்தி, மண்ணை உள்ளங்கையால் தடவினார்.

"இதிலை சருகுக்குக் கீழை சின்னச் சின்னக் கன்று நிண்டதே பிள்ளை."

"ஓம் மாமா, பிடுங்கிப்போட்டன்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம். ஒண்டும் விடேல்லை."

பெருமையோடுதான் சொன்னேன். அதற்கு முந்திய இரண்டு மாரி மழைக்கும் சங்கம் நட்ட பாலைக் கன்றுகள் அத்தனையும் பட்டுப்போயிருந்தன. அந்த மாரியில்தான், சருகின் ஈரத்தில், அந்தக் கிழட்டு மரம் தானே போட்ட விதைகள் முளைத்திருந்தன. முதலாளிக்குக் காட்டவென்று மாமா வைத்திருந்தது அவற்றைத்தான். இதெல்லாம் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முதலாளி படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். சுற்றிப் பார்த்தவர் செருப்பைக் கழற்றினார்.

"பாம்பு பூச்சியோடை ஒரு பத்தைக் காடு எண்டெல்லோ தம்பி நினைச்சு வந்தனான். இது கோயில் வீதி மாதிரிக் கிடக்கு. ஆர் கூட்டினது?"

மாமா என்னைக் காட்டினார். "அக்காவின்ரை மகள்."

முதலாளி அண்ணாந்து பாலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "சூளைக்காரனுக்கு ஏலாது எண்டு சொல்லிவிடுறன். நீங்களே வைச்சிருங்கோ. ஆனா ஒண்டு. எந்த நாளும் இப்பிடியே கூட்டித் துப்பரவா வைச்சிருக்க வேணும்."

மாமா என்னைப் பார்த்தார். வெறும் மண்ணைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தார்.

"ஓம் அண்ணை" என்றார்.

ஒரு 'ஓம்' சொல்ல அவ்வளவு நேரம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பெரிய ஆட்கள் முன்னால் எனக்கு வருவதுபோல மாமாவுக்கும் வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முதலாளி போனதும் மாமா வேலிக்கு வெளியே போய், சருகுக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தேடத் தொடங்கினார். எதையோ தொலைத்துவிட்டார் போலும் என்று நானும் பக்கத்தில் குந்தித் தேடினேன். என்ன தேடுகிறோம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.