இருட்டில் பிடித்த கை

மலேசியாவில், கோல சிலாங்கூர் பள்ளி வகுப்பறை ஒன்றில் பொதுத் தேர்தல் ஓட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கட்சி சார்பில் கண்காணிக்க நான் நின்றிருந்தேன். எதிரே, போட்டிக் கட்சியின் சார்பில் என் பக்கத்து வீட்டு சரசு அக்கா. அவர் வேலியில் கட்டிய கொடியை நான்தான் கிழித்தேன் என்ற சந்தேகத்தில், பிரசாரம் முழுக்க என்னிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

மேசையில் இரண்டு குவியல்களும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருந்தன. வெளியே பேய்மழை. திடீரென்று கரண்ட் போய்விட்டது. கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்திருந்ததால் பொட்டு வெளிச்சம் இல்லை. மேசைமேல் காகிதம் சரசரத்தது. காற்றா, யாராவது கை வைக்கிறார்களா?

"யாரும் மேசையத் தொடாதீங்க!" சரசு அக்கா கத்தினார். "எல்லாரும் கையக் கோத்துக்குங்க. ஒரு கைகூட சும்மா இருக்கக் கூடாது லா!" அதையே மலாயிலும் சொன்னார்.

என்னை நம்பாமல்தான் சொல்கிறார் என்று எரிச்சலாக வந்தது. நானும் அவரை நம்பவில்லை. அதனால்தான் துழாவி அவர் கையைப் பிடித்தேன். தேர்தல் அதிகாரி உட்பட எல்லாரும் மேசையைச் சுற்றி வளையமாக நின்றோம். அக்கா என் கையை இறுக்கிக்கொண்டார்.

"பயமா இருக்குக்கா."

"எனக்குந்தான். விட்றாத."

விளக்கு வந்தபோது ஓட்டுகள் வைத்தபடியே இருந்தன. எண்ணி முடித்தார்கள். நாங்கள் தோற்றோம். எனக்கு அழுகை வந்தது; சந்தேகம் வரவில்லை.

அரசியல் பேச்செடுத்தால் எனக்கும் அக்காவுக்கும் இன்றும் சண்டைதான். ஆனாலும் அடுத்த தேர்தலில் ஓட்டு எண்ணும்போதும் என் எதிரே அவரே வந்து நிற்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்கிறேன்.