காகிதத் தலை

தொப்பிக்காரி என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. நாடக வேஷ உடைகளை வாடகைக்கு விடும் கடைக்காரரின் தங்கை. புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்த நாளிலிருந்து, பதினான்கு வருஷமாக, அண்ணன் கடையின் பின்னறைதான் அவளுக்கு உலகம்.

அகல விளிம்பு வைத்த சாதாரணக் கம்பளித் தொப்பிகளை அண்ணன் மலிவாக வாங்கிப் போடுவார். அவள் நாடாவைப் பிரித்துவிட்டு, கெட்டில் ஆவியில் காட்டி, விளிம்பை மூன்று பக்கமும் மேலே மடக்கித் தைப்பாள். ஓரத்தில் சரிகை, பக்கத்தில் சாயம் போட்ட கோழி இறகு. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கப்பல் தளபதி தயார்.

வம்பு அதற்கப்புறம்தான். ஈரத் தொப்பி காயும்வரை ஒரு தலையில் இருந்தாக வேண்டும். பானையில் கவிழ்த்தால் தொளதொளத்துவிடும். மரத்தலை ஒன்று வாங்கச் சொன்னால், "உன் தலை சும்மாதானே இருக்கு?" என்பார் அண்ணன். ஆக, தொப்பிக்கு ஆறு மணி நேரம். குனியக் கூடாது, படுக்கக் கூடாது, வாசலுக்குக்கூடப் போகக் கூடாது. "தளபதி சாப்பிடலாம்" என்று அண்ணி தட்டை வைத்துவிட்டுச் சிரிப்பாள். முதல் வருஷம் இவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் பக்கத்து ஊர்த் தையல் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. டீச்சர் வேலை, தங்க அறை. பத்து நாளில், திங்கட்கிழமை, சேர வேண்டும்.

"போயேன், யார் வேண்டாங்கறா?" என்றார் அண்ணன். "பன்னெண்டு தொப்பி ஆர்டர் இருக்கு. யார் தலையில காய வைக்கிறது? அதுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போ."

அந்த வார்த்தையை அவள் நம்பினாள், பாவம். ஒரு வாரம் பழைய பேப்பரைக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்து, பானை மேல் அடுக்கடுக்காக ஒட்டினாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். டேப்பை வைத்தால் அவள் தலையும் காகிதத் தலையும் இருபத்திரண்டு அங்குலம். தன் பின்மண்டைப் பள்ளத்தைக்கூட விடவில்லை. சனிக்கிழமை ஒரு தொப்பி அதில் காய்ந்தது. இம்மி பிசகவில்லை.

பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அடேயப்பா! உன் மூளை யாருக்கும்மா வரும்!"

பதினான்கு வருஷத்தில் முதல் பாராட்டு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப நான் திங்கக்கிழமை..."

அவர் காதில் விழவில்லை. கெட்டில் பக்கத்தில் ஆவி பறந்துகொண்டிருந்த அடுத்த தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்து அழுத்தினார்.

"இனிமே ஒரே நேரத்துல ரெண்டு காயும்! இருபத்து நாலுக்கே ஆர்டர் எடுத்துடலாம்!" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினார்.

கழற்றி எறிந்திருக்கலாம். எறியத்தான் நினைத்தாள். ஆனால் ஈரம் பட்டதுமே கழுத்து பழக்கத்தில் நிமிர்ந்துகொண்டது. எதிரே மேஜைமேல் காகிதத் தலையும் அதேபோல் நிமிர்ந்து நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டி கதவோரம்தான் இருந்தது. எடுக்க வேண்டுமானால் குனிய வேண்டும்.