நாக்குக்கு அடியில் ஐஸ்

டாக்டர் எதையும் மறைக்கல. அதை முதல்லயே சொல்லிடுறேன். ஏன்னா இதை யார்கிட்ட ஆரம்பிச்சாலும் உடனே, "கவர்மெண்டு ஆஸ்பத்திரின்னா அப்படித்தான்லா"ன்னு குறுக்கே விழுந்துடுறாங்க. ஆஸ்பத்திரி மேல ஒரு தப்பும் இல்ல. தப்புப் பண்ணினது ரெண்டு பொம்பளைங்க. அதுல ஒருத்தி நான்.

எழுபதுகளோட கடைசியில நடந்தது. எனக்கு அப்போ இருபத்தேழு வயசு. மலாய் நாட்டு மலையில, தானா ராத்தா டவுனுக்குக் கீழ ஒரு எஸ்டேட்டுல தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தேன். மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகல, கங்காணி "ஏறு, ஏறு"ன்னு விரட்டுறாரு. மத்தவங்க எல்லாம் பேசாம ஏறுறாங்க. நான் மட்டும் திரும்பி நின்னு அவருக்குப் பதில் குடுத்துக்கிட்டே கால் வச்சேன். வச்ச இடம் தண்ணி ஓடுற கானோட விளிம்பு. கூடையோட உருண்டு ரெண்டு தேயிலை நிரைக்குக் கீழ போய் விழுந்தேன். முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டாப் போச்சு. வாய்க்கொழுப்புல உடைஞ்ச காலுன்னு எங்க வீட்டுக்காரர் இன்னைக்கும் சொல்லிக் காட்டுவாரு.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில கட்டை வச்சுக் கட்டி, ஆம்புலன்சுல ஏத்தி, மலைக்குக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. வளைவுக்கு வளைவு நான் போட்ட சத்தத்துல டிரைவர் ரெண்டு தடவை வண்டியை ஓரம் கட்டிட்டாரு.

அங்க இருந்த எலும்பு டாக்டர் நம்ம தமிழ் ஆளு. கட்டில் பக்கத்துல நின்னு பொறுமையாச் சொன்னாரு. உடைஞ்ச எலும்பைச் சேர்த்து வச்சு, மேல இரும்பு பிளேட் வச்சு, ஸ்க்ரூ போட்டு முடுக்கணும். அதுக்கு மேல மாவுக்கட்டு. "எல்லாருக்கும் நல்லா வந்துடும்னு நான் சொல்ல மாட்டேன்மா. சில பேருக்கு எலும்பு கூட ரொம்ப நாளாகும். சில பேருக்குக் கால் கொஞ்சம் கட்டையாயிடும். அதெல்லாம் பரவாயில்ல. எனக்குப் பயம் ஒண்ணுதான். உள்ள சீழ் பிடிச்சா, இரும்பு இருக்கிற இடத்துல அது லேசுல ஆறாது. மாவுக்கட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு என் கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சல்தான் எனக்குச் சொல்லணும். உடம்பு கொஞ்சம் சுட்டாலும் உடனே சொல்லிடுங்க." நான் தலையை ஆட்டினேன். எல்லாம் நல்லாவே புரிஞ்சுது.

ஆனா எனக்கு அப்போ சளி பிடிச்சு லேசாக் காய்ச்சல். சாயங்காலம் காய்ச்சல் பார்த்துத்தான் மறுநாள் ஆபரேஷன் லிஸ்டுல பேர் எழுதுவாங்க. காய்ச்சல் இருந்தா மயக்க மருந்து குடுக்க மாட்டாங்க. ஒரு நாள் தள்ளிப் போச்சு. அடுத்த நாளும் தள்ளிப் போச்சு. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க, அடுப்பு மூட்ட ஆள் இல்ல, நான் இங்க காலைத் தூக்கி வச்சுக்கிட்டுச் சும்மா கிடக்கிறேன். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்.

மூணாம் நாள் சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் பார்க்க வந்தப்போ கரும்புத் தண்ணி வாங்கிட்டு வந்தாரு. பிளாஸ்டிக் பையில ஐஸ் கட்டி போட்டு, கயித்தால கட்டி, ஸ்ட்ரா சொருகிக் குடுப்பாங்களே, அது. குடிச்சு முடிச்சதும் பையில ஐஸ் மிச்சம் கிடந்துச்சு. மிஸ்ஸி, அதான் நர்ஸம்மா, தெர்மாமீட்டரைத் தூக்கிக்கிட்டு வார்டு வாசல்ல நுழையுறாங்க. எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்துச்சோ, ரெண்டு கட்டியை எடுத்து நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டேன். அவங்க மூணு கட்டிலுக்கு அந்தாண்ட வரும்போது துப்பிட்டு, சாதுவா வாயைத் திறந்தேன். மிஸ்ஸி மலாய்க்கார அம்மா, ரொம்ப நல்லவங்க. தெர்மாமீட்டரைத் தூக்கிப் பார்த்துட்டு, "பாகுஸ், பாகுஸ்"னு, நல்லா இருக்குன்னு சொல்லி, என் கன்னத்தைத் தட்டிட்டுப் போனாங்க. மறுநாள் காலையில காய்ச்சல் தானாவே இறங்கியிருந்துச்சு. ஆபரேஷன் ஆச்சு. ஒண்ணும் ஆகல. எனக்குப் பெருமை தாங்கல. டாக்டரையே ஏமாத்திட்டேன்ல!

பக்கத்துக் கட்டில்ல இருந்தவ எங்க மலையிலேயே ரிங்லெட்ங்கிற ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டுக்காரி. என்னைவிட அஞ்சு வயசு சின்னவ. லோரியில இருந்து இறங்கும்போது கால் மாட்டி உடைஞ்சது. எனக்கு ஆபரேஷன் ஆன மறுநாள் அவளுக்கும் ஆச்சு. அதே டாக்டர், அதே மாதிரி பிளேட், அதே மாவுக்கட்டு. என்னை அக்கா அக்கான்னு வாய் நிறையக் கூப்பிடுவா. அவளுக்கு வீட்டுல எட்டு மாசத்துல ஒரு பொம்பளைப் பிள்ளை, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை. வார்டுக்குள்ள கைக்குழந்தையை விட மாட்டாங்க. அவளோட நாத்தனார் தூக்கிட்டுப் போய் டின் பால் குடுத்துக்கிட்டிருந்தா.

பிள்ளை பசிச்சு அழுற நேரம் அவளுக்கு இங்க தெரிஞ்சுடும். சட்டை நனைஞ்சுடும். திரையை இழுத்து விட்டுட்டு ஒரு கிண்ணத்துல பீய்ச்சுவா. ஆயா வந்து அதை எடுத்துட்டுப் போய் ஊத்திட்டு, கழுவின கிண்ணத்தைத் திரும்ப வச்சுட்டுப் போவாங்க. அந்தக் கிண்ணத்தைப் பார்த்தா அவளுக்கு அழுகை பொத்துக்கிட்டு வரும். "பத்து நாள்ல போயிட்டா பால் நிக்காதுக்கா. பிள்ளை மறுபடி குடிச்சுக்கும்"னு சொல்லிக்கிட்டே இருப்பா. பத்து நாள் கணக்கு டாக்டர் சொன்னது. பத்து நாள் வரைக்கும் காய்ச்சல் இல்லாம இருந்தா, கட்டோட வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு சொல்லியிருந்தாரு. எனக்கு எலும்பு மோசமா உடைஞ்சிருந்ததால ரெண்டு வாரம்னாரு.

அவளுக்கு ஆபரேஷன் ஆன அஞ்சாம் நாள் மத்தியானம் அவ கையை நீட்டி என்னைத் தொட்டா. அடுப்புல போட்ட தோசைக்கல்லு மாதிரி சுடுது. "அக்கா, எனக்குக் காய்ச்சல் அடிக்குது. அவ்வளவுதான், என்னை விட மாட்டாங்க"ன்னு உதட்டைக் கடிச்சுக்கிட்டு அழுறா.

"சீ, இதுக்கா அழுவுற? எந்திரிச்சு மூஞ்சியைத் துடை. ஆபரேஷன் பண்ணினா உடம்பு சுடத்தான் செய்யும். நான் பார்த்துக்கிறேன்லா"ன்னேன்.

நான் பார்த்துக்கிட்டேன். அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து எங்க வீட்டுக்காரர் ரெண்டு பை கரும்புத் தண்ணி வாங்கிட்டு வருவாரு. அவருக்கு விஷயம் தெரியாது. பக்கத்துப் பிள்ளைக்கும் சேர்த்து வாங்கச் சொன்னேன்னுதான் நினைச்சாரு. எப்ப வாயில வைக்கணும், எப்பத் துப்பணும், கன்னம் சில்லுன்னு இருந்தா எப்படிக் கையால தேய்ச்சுச் சூடாக்கணும், எல்லாம் சொல்லிக் குடுத்தேன். அவ நல்லாப் படிச்சுக்கிட்டா. காலையில காய்ச்சல் கம்மியாத்தான் இருக்கும், பச்சைத் தண்ணியே போதும். மிஸ்ஸி சார்ட்டுல நேர்கோடா எழுதிட்டுப் போவாங்க. ரெண்டு பேரும் போர்வைக்குள்ள சிரிப்போம்.

எட்டாம் நாள் சிரிப்பு நின்னுச்சு. அவ கட்டில் பக்கம் ஒரு வாடை. கழுவாம விட்ட மீன் சட்டி வாடை. முதல்ல ஆயாவைத் திட்டினேன், எதையோ எடுக்காம விட்டுட்டாங்கன்னு. அப்புறம் அவ தைலத்தை எடுத்து மாவுக்கட்டு மேலயும் தலையணை மேலயும் தடவுறதைப் பார்த்தேன். எட்டி அவ கையைப் பிடிச்சேன்.

"ஏ புள்ள, வேணாம். மிஸ்ஸிகிட்டச் சொல்லிடு."

"இன்னும் ரெண்டே நாள்க்கா. போய்ப் பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு, நாலு நாள் இருந்துட்டு, நானே திரும்பி வந்துடுறேன். நீ சொல்ல மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன், போ"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன். ஆனா சொல்லவும் இல்ல. அன்னைக்கும் சொல்லல, ஒன்பதாம் நாளும் சொல்லல. அவ பாவமேன்னு மட்டும் இல்ல. சொன்னா ஐஸ் விஷயமும் வெளிய வரும், எல்லார் முன்னாடியும் என் மானம் போகும். உண்மை அதுதான். அந்த ரெண்டு நாளை நினைச்சா இன்னும் எனக்கு என் மேலயே ஆத்திரமா வரும்.

பத்தாம் நாள் காலையில அவ தலை சீவி, பொட்டு வச்சு, தயாரா உட்கார்ந்திருந்தா. அவ புருஷன் யார்கிட்டயோ கெஞ்சிக் கூத்தாடிக் கார் வாங்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறாரு. வீட்டுல பிள்ளையைக் குளிப்பாட்டித் தயாரா வச்சிருக்கச் சொல்லிட்டு வந்தாராம். டாக்டர் வந்தாரு. சார்ட்டைப் பார்த்தாரு. தைல வாசனைக்கு மூக்கைச் சுளிச்சுட்டு, "சந்தோஷம்மா, வீட்டுக்குப் போகலாம்"னு பேனாவைத் திறந்தாரு. அவ முகத்துல வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

"டாக்டர், அவளுக்கு அஞ்சு நாளாக் காய்ச்சல்."

சொன்னது நான்தான். என் வாயி எப்பவும் எனக்கு முன்னாடியே போயிடும், அன்னைக்கும் போயிடுச்சு.

"பொய்யி! இவங்களுக்குக் கிறுக்கு டாக்டர், நம்பாதீங்க"ன்னு அவ கத்துறா. டாக்டர் சார்ட்டைப் பார்த்துட்டு மிஸ்ஸியைப் பார்த்தாரு. பார்க்காமலே எழுதினியான்னு கேக்குற பார்வை. அந்த அம்மா சார்ட்டை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்க்குறாங்க. அதைப் பார்க்க என்னால முடியல. "மிஸ்ஸி மேல தப்பில்ல டாக்டர். நான்தான் வாயில ஐஸ் வச்சுக்கச் சொல்லிக் குடுத்தேன்"னு கொட்டிட்டேன். வார்டே என்னைப் பார்த்துச்சு.

டாக்டர் கத்தல. அவ நெத்தியில கை வச்சாரு. குனிஞ்சு மாவுக்கட்டுக்கிட்ட மூக்கை வச்சு மோந்து பார்த்தாரு. நிமிர்ந்து என்கிட்ட வந்தாரு.

"நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"காய்ச்சல்தான் உங்களுக்குச் சொல்லணும்னு சொன்னீங்க."

"அப்புறம்?"

அவர் மாவுக்கட்டை வெட்டச் சொன்னாரு. தள்ளுக்கட்டில்ல அவளை ஏத்திக்கிட்டுப் போகும்போது அவ தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கத்தினா: "சொல்லிக் குடுத்ததும் நீ, காட்டிக் குடுத்ததும் நீ! நல்லா இருப்பியா நீ?"

உள்ள எலும்பு வரைக்கும் சீழ். பிளேட்டைக் கழட்டிட்டாங்க. இரும்பு இல்லாம எலும்பு நிக்கணுமே, அதுக்குக் காலைத் தூக்கிக் கட்டி எடை தொங்க விட்டாங்க. இப்படியே நாலு நாள் வீட்டுல இருந்திருந்தா காலை எடுக்க வேண்டி வந்திருக்கும், ஆளே போயிருந்தாலும் போயிருப்பான்னு டாக்டர் அவ புருஷன்கிட்டச் சொன்னாரு. அதுக்கு மூணாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என் காலு ஒழுங்காக் கூடிடுச்சு. கிளம்பும்போது "வரேன்"னேன். அவ கண்ணை மூடிக்கிட்டா.

ஆறு வாரம் கழிச்சுக் காலைக் காட்டப் போனப்போ ஆரஞ்சு வாங்கிக்கிட்டு வார்டுக்குப் போனேன். அதே கட்டில். பாதியா இளைச்சிருந்தா. எவ்வளவோ பேசிப் பார்த்தேன், மன்னிப்புக்கூடக் கேட்டேன். எனக்கு அதெல்லாம் வராது, இருந்தாலும் கேட்டேன். அவ செவுத்தைப் பார்த்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னா: "பால் நின்னு போச்சு." அவ வீட்டுக்குப் போக எட்டு மாசத்துக்கு மேல ஆச்சுன்னு பிற்பாடு கேள்விப்பட்டேன்.

காலம் போகப் போக நான் என்ன பண்ணினேன் தெரியுமா? பெருமை பேச ஆரம்பிச்சேன். "நான் மட்டும் அன்னைக்கு வாயைத் திறக்கலன்னா அவ காலு போயிருக்கும்லா"ன்னு எஸ்டேட்டு லயத்துல, குழாயடியில, கல்யாண வீட்டுல, எல்லா இடத்துலயும் சொன்னேன். ஐஸ் சமாச்சாரத்தை மட்டும் கவனமா விட்டுடுவேன். கேட்டவங்க எல்லாம் மெச்சினாங்க. எனக்கும் அதுவே உண்மைன்னு ஆகிப்போச்சு.

அஞ்சு வருஷம் கழிச்சு, எண்பதுகள்ல, தானா ராத்தா பஸ் ஸ்டேஷன்ல அவளைப் பார்த்தேன். ஒரு செருப்புக்கு மட்டும் தடியா அடி வச்சுத் தைச்சிருந்தாங்க. சாய்ஞ்சு சாய்ஞ்சு நடந்தாலும் ரெண்டு காலாலயும் நடந்து வர்றா. எனக்கு வந்த சந்தோஷத்துல எல்லாம் மறந்துபோய், "நல்லா நடக்குறியே புள்ள!"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

அவ கையை உதறல. "நடக்குறேன்க்கா. டாக்டர் சொன்னாரு, நீ சொன்னதாலதான் இந்தக் காலு இருக்குன்னு. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிறேன்"னா. எனக்கு மனசு குளிர்ந்துபோச்சு. பழசெல்லாம் தீர்ந்துச்சுன்னு நினைச்சேன்.

அப்போ பஸ்ஸுல இருந்து ரெட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை இறங்கி ஓடி வந்து அவ சேலையை இழுத்துச்சு. மூக்கும் முழியும் அப்படியே அவளை உரிச்சு வச்சிருந்துச்சு.

"அத்தை, சீக்கிரம் வா. அம்மா நமக்கு சீட்டு பிடிச்சு வச்சிருக்கு."

பஸ் ஜன்னல்ல அவளோட நாத்தனார் கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கிட்டிருந்தா. நான் பிள்ளையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"அதே பிள்ளைதான்க்கா"ன்னு சொல்லிட்டு, அவ பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு நடந்தா.